ரெயூனியனில் சின்ன காஸ் வீடு கட்டுகிறீர்களா? கழிவுநீரிலிருந்து ஆரம்பியுங்கள்

புதுச்சேரிக்காரன் எவனுக்கும் கழிவுநீர் என்றால் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டு, உறை இறக்கு, மேலே சிலாப் போட்டு மூடு, மறந்துவிடு. ரெயூனியன் என்ற இந்தப் பிரெஞ்சுத் தீவில், சேன்த்-ரோஸ் ஊரில் மாமனார் தந்த மனையில் 28 சதுர மீட்டரில் ஒரு மரக் காஸ் (இங்கே வீட்டுக்கு அதுதான் பேர்) கட்ட நினைத்தபோது நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். வாரக் கடைசியில் போய்த் தங்க ஓர் அறை, ஒரு சமையல் மூலை, குளியலறை, முன்னால் நான்கு தூணில் ஒரு வராங், அதாவது தாழ்வாரம். கூரைக்கு இங்கே எல்லாரும் போடுவதுபோல் ‘தோல்’. (கடைக்காரர் முதல்முறை "தோல் எத்தனை?" என்று கேட்டபோது கசாப்புக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று பார்த்தேன். தகரத்துக்கு இங்கே அதுதான் பேர்.)

வரைபடம், மரம், தகரம் எல்லாம் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் கழிவுநீருக்கு வந்தேன். வரிசை தலைகீழ். எட்டு மாதம் போனது. நீங்கள் அந்த எட்டு மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

படி 1: மனையின் மண்டலம்

இதை நீட்டி முழக்கப் போவதில்லை. மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில் (நம் ஊர்க்காரர்களுக்கு மேரி என்றதும் கடற்கரையில் இடிந்து விழுந்து திரும்பக் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடம்தான் ஞாபகம் வரும், அதே சொல்தான்), உங்கள் மனை பி.எல்.யு. (நிலப் பயன்பாட்டுத் திட்டம்) வரைபடத்தில் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஏ’ (A) என்றால் விவசாயம், ‘என்’ (N) என்றால் இயற்கைப் பகுதி. இரண்டிலும் பொழுதுபோக்குக்கு ஒரு குடில் என்ற பேச்சே எடுபடாது. மேட்டுப் பகுதிகளில் மலிவாக விலைக்கு வரும் மனைகள் பல இந்த வகைதான். கூடவே இயற்கை இடர் வரைபடத்தையும் கேளுங்கள். வெள்ளமோ மண்சரிவோ வரும் சிவப்புப் பகுதியில் கட்ட முடியாது.

வாங்கும் முன்பே ‘செர்த்திஃபிகா துர்பானிஸ்ம்’ என்ற மனைச் சான்று கேட்டு மனுப் போடுங்கள். அதில் இரண்டு வகை. இரண்டாம் வகையையே கேளுங்கள். நீங்கள் கட்ட நினைப்பதை அந்த மனையில் கட்டலாமா என்று இரண்டு மாதத்தில் எழுத்தில் பதில் சொல்லும். காசு கிடையாது, 18 மாதம் செல்லும். இலவசமாகக் கிடைக்கும் ஒரே நல்ல ஆலோசனை இந்தத் தீவில் இதுதான் என்பது என் கட்சி.

படி 2: எந்த அனுமதி?

தரைப் பரப்பும் (சுவர்களுக்குள் இருப்பது) நிலத்தில் விழும் பரப்பும் (கட்டடம் நிலத்தில் பிடிக்கும் இடம்) இரண்டுமே 20 சதுர மீட்டருக்குள் இருந்தால் ‘தெக்லராசியோன் ப்ரெயாலாப்ள்’ என்ற முன்னறிவிப்பு போதும், ஒரு மாதம். இரண்டில் ஒன்று 20ஐத் தாண்டினாலும் ‘பெர்மி’, அதாவது கட்டட அனுமதி வேண்டும், தனி வீட்டுக்கு இரண்டு மாதம். 5 சதுர மீட்டருக்குள் என்றால் பொதுவாக ஒன்றும் வேண்டாம், ஆனால் அதில் கோழி கூடத் தாராளமாக இருக்காது. 150 சதுர மீட்டர் வரை சொந்தத்துக்குக் கட்டுபவருக்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயம் இல்லை.

பின்சேர்க்கை: சேன்-லூவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அறை 18 சதுர மீட்டர்தான், ஆனாலும் முன்னறிவிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். படம் அனுப்பச் சொன்னேன். முன்னால் 6 சதுர மீட்டரில் அழகான வராங்! தூண் வைத்த வராங் நிலத்தில் விழும் பரப்பில் சேரும், ஆக 24. தூணே இல்லாமல் சும்மா நீட்டிய கூரை விளிம்பு சேராது. வராங் இல்லாமல் ரெயூனியனில் வீடா என்று கேட்பீர்கள். நியாயம்தான், அப்போது பெர்மி போடுங்கள்.

மேரி பெர்மி மனுவை வாங்கிய ஒரு மாதத்துக்குள், எந்தக் காகிதம் குறைகிறது என்று கடிதம் அனுப்பலாம். அதைக் கொடுக்க உங்களுக்கு மூன்று மாதம். காகிதம் முழுமையான நாளிலிருந்துதான் அந்த இரண்டு மாதக் கணக்கு ஓடத் தொடங்கும். எனக்கு வந்த கடிதத்தில் குறைந்தது ஒன்றே ஒன்று: பொதுச் சாக்கடை இல்லாத இடமென்பதால் கழிவுநீர்த் திட்டம் விதிக்கு ஒத்தது என்று ஸ்பாங்க் தரும் சான்று. 2012 மார்ச்சிலிருந்து அது பெர்மி கோப்பில் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்பாங்க் என்பது தனி வீட்டுக் கழிவுநீரைச் சோதிக்கும் பொதுச் சேவை. அவர்கள் இரண்டு முறை சோதிப்பார்கள். ஒன்று, திட்டம் காகிதத்தில் இருக்கும்போது. இன்னொன்று, எல்லாம் பதித்து மண் மூடுவதற்கு முன். இந்த ‘முன்’ என்ற சொல்லை மறக்காதீர்கள், திரும்ப வருவேன்.

படி 3: மண் எவ்வளவு குடிக்கிறது?

நான் விழுந்த இடம் இது.

முதல் தடவை கடப்பாரையால் ஒரு குழி போட்டேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி மச்சானைக் கூப்பிடுவதற்குள் தண்ணீர் காணோம். எனக்கு ஒரே குதூகலம். "நம்ம மண்ணு தங்கம்டா மச்சான்! ஒரு டேங்க், ஒரு குழாய், வேலை முடிஞ்சது." மச்சானுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, கோயில் பாட்டுக்கு மட்டும்தான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து அவனும் சிரித்தான்.

பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் வேகமாக ஓடுவது நல்லதே இல்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் கழிவுநீரைச் சுத்தம் செய்கின்றன. அவை வேலை செய்ய தண்ணீர் மண்ணில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். சேன்த்-ரோஸ் பக்கம் எரிமலைப் பாறை. 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு பித்தோன் சேன்த்-ரோஸ் ஊருக்குள் இறங்கி தேவாலய வாசல் வரை வந்து நின்றது, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அப்படி ஆறிய பாறை முழுக்க வெடிப்பு. அதில் ஊற்றினால் அழுக்கு அழுக்காகவே நேரே நிலத்தடிக்குப் போய்விடும்.

சரியான சோதனை இப்படி. கழிவுநீர் இறங்கப் போகும் இடத்தில் குறைந்தது மூன்று குழி, ஒவ்வொன்றும் சுமார் 70 செ.மீ. ஆழம், 15 செ.மீ. அகலத்தில் வட்டமாக. அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி நான்கு மணி நேரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மண் குடித்து அடங்கியபின் அடுத்த 10 நிமிடத்தில் அதே மட்டம் நிற்க எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவுக் குழியில் தண்ணீர் படும் பரப்பு ஏறக்குறைய 884 சதுர செ.மீ. லிட்டரை அதால் வகுத்து ஒரு மணி நேரத்துக்கு மாற்றினால் மண்ணின் வேகம் கிடைக்கும்.

மணிக்கு 15 மி.மீ.க்குக் கீழே என்றால் மண் குடிக்க மறுக்கிறது. 500க்கு மேலே என்றால் வடிகட்டாமல் விழுங்குகிறது. நடுவில் இருந்தால்தான் சாதாரணக் கசிவு ஓடைகள் (துளைக் குழாய் பதித்து நீரை மண்ணில் கசியவிடும் பள்ளங்கள்) செல்லும். கணக்கு பிடிக்காதவர்களுக்கு: அதே அளவுக் குழியில் 10 நிமிடத்தில் கால் லிட்டர்கூடப் போகவில்லை என்றால் முதல் வகை, ஏழரை லிட்டரைத் தாண்டினால் இரண்டாம் வகை. எனக்குப் போனது 11 லிட்டர். மணிக்கு 750 மி.மீ. பக்கம்!

ஒரு நடைமுறைச் சிக்கல். மனையில் குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை. 11 லிட்டர் கணக்கில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு குழிக்கே 260 லிட்டருக்கு மேல். மூன்று குழிக்கு மச்சானின் பிக்கப்பில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுபோனோம். நான் செய்தது எனக்குப் புரிவதற்காக. ஸ்பாங்கிடம் கொடுத்தது மண் ஆய்வு செய்யும் அலுவலகம் எழுதிய அறிக்கைதான். நீங்கள் நேரே அவர்களிடம் போங்கள். ஆனால் அவர்கள் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

படி 4: எந்த முறை?

முதலில் எல்லா முறைக்கும் பொதுவானது: கழிப்பறை, சமையல், குளியல் எல்லாம் ஒரே தொட்டியில் சேரும் ‘ஃபோஸ் துத் ஓ’. நம்மூரில் கழிப்பறைக்கு மட்டும் செப்டிக் டேங்க், குளித்த தண்ணீர் வாழைக்கு. அது இங்கே ஆகாது. சின்னக் காஸுக்கும் குறைந்தது 3 கன மீட்டர். தொட்டிக்குப் பிறகு சுத்திகரிப்பு வேண்டும். வெறும் உறைகிணறு சுத்திகரிப்புக் கணக்கில் வராது.

மண் ஒத்துழைத்தால் கசிவு ஓடைகள், மலிவும் நிம்மதியும். என் மாதிரி வேகமான பாறைக்கு மண்ணை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும்: 70 செ.மீ. கனத்தில் கழுவிய மணல் படுகை. அதற்குக் குறைந்தபட்சப் பரப்பு 20 சதுர மீட்டர். கவனியுங்கள், வீடு 28, அதன் கழிவுநீருக்கு 20. வரைபடத்தில் நான் மணல் படுகைக்கு இடமே விடவில்லை. காஸ் மொத்தத்தையும் நான்கு மீட்டர் மேட்டுப் பக்கம் நகர்த்தி, எல்லா வரைபடத்தையும் மறுபடி போட்டேன். தலைப்பில் சொன்னது இதற்காகத்தான்.

மின்சாரத்தில் ஓடும் மைக்ரோஸ்தாசியோனை (குட்டிச் சுத்திகரிப்பு நிலையம்) விற்பனையாளர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். சின்ன இடம் போதும் என்பது உண்மை. ஆனால் தினமும் ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் அது. வாரம் ஐந்து நாள் பூட்டிக் கிடந்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்து சாகும். வாரக் கடைசிக் காஸுக்கு வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறையை 2009 செப்டம்பர் விதி அனுமதிக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை கூடாது, மனைக்கு வெளியே ஒழுகக் கூடாது, மக்கவைப்பது நம் மனையிலேயே. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் குளியல், சமையல் தண்ணீருக்கு எப்படியும் தனிச் சுத்திகரிப்பு வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "உங்க அம்மா வந்தா?" விட்டுவிட்டேன்.

படி 5: பதிப்பது

தூரங்கள்: தொட்டியிலிருந்து வந்த நீரைச் சுத்திகரிக்கும் படுகை வீட்டிலிருந்து 5 மீட்டர், எல்லையிலிருந்தும் மரங்களிலிருந்தும் 3 மீட்டர், குடிக்கப் பயன்படும் கிணற்றிலிருந்து 35 மீட்டர். வீட்டிலிருந்து தொட்டிக்கு வரும் குழாய்க்கு மீட்டருக்கு 2 முதல் 4 செ.மீ. சரிவு. அதிகம் சரித்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் முந்தி ஓடிவிடும், கெட்டியானது குழாயில் தங்கிவிடும்.

சரிவு பார்க்க லேசர் வாடகைக்கு எடுத்தேன். வெயிலில் கோடே தெரியவில்லை. கடைசியில் நம் கொத்தனார்கள் பிடிக்கும் மட்டக்குழாய்தான்: பத்து மீட்டர் ஒளி ஊடுருவும் குழாய், உள்ளே கொஞ்சம் மஞ்சள் கலந்த தண்ணீர். காற்றுக் குமிழி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி மணல் போடும்போதே உள்ளே தண்ணீரும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். வெறும் தொட்டியை மண் அமுக்கிவிடும். கூரைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அதற்குள் போகக் கூடாது. இந்த எரிமலைச் சரிவில்தான், ஃபோக்-ஃபோக்கில், 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பெய்தது. அதைத் தாங்கும் தொட்டி கிடையாது.

காற்றுக் குழாய் இரண்டு, ஒன்றில்லை. வீட்டுக் கழிவுக் குழாயைக் கூரைக்கு மேல் நீட்டுவது காற்று உள்ளே வர. தொட்டிக்குப் பின்னாலிருந்து 100 மி.மீ. குழாய் ஒன்று, முகட்டைவிட 40 செ.மீ. உயரத்துக்கு, வாயு வெளியே போக. இரண்டாவதை விட்டவர்கள் வராங்கில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது.

இப்போது அந்த ‘முன்’. மணல், கூழாங்கல், துளைக் குழாய்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை முடிந்தது. ஸ்பாங்கிலிருந்து செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. வானம் இருட்டியது. மழை வந்தால் மணல் அடித்துக்கொண்டு போகுமே என்று சனிக்கிழமையே மூடிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஸ்பாங்கிலிருந்து வந்த அம்மணி பச்சைப் புல் பதித்த தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கே இருக்கிறது, ஐயா?" அவ்வளவுதான் கேட்டார். மண்வெட்டியோடு இரண்டு நாள். நீங்கள் தார்ப்பாய் வாங்கி வையுங்கள், தேதி, நேரம் பதிந்த படங்களும் வையுங்கள். அவர் கண்ணால் பார்க்காமல் ஒரு கூடை மண்ணும் போடாதீர்கள்.

படி 6: மீதிக் காகிதம்

பெர்மி கிடைத்ததும் தெருவிலிருந்து தெரியும்படி, ஒவ்வொரு பக்கமும் 80 செ.மீ.க்குக் குறையாத பலகை. அது தொடர்ந்து நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு மாதம் அக்கம்பக்கத்தார் வழக்குப் போடலாம். பலகையைக் காற்று பிய்த்துப் போனால் கணக்கே சிக்கலாகும், தேதி தெரியும்படி அவ்வப்போது படம் எடுங்கள். மூன்று வருடத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். தொடங்கும்போது ஓர் அறிவிப்பு, முடிந்ததும் இன்னொன்று, வரிக்கு 90 நாளுக்குள் இணையத்தில் ஒன்று.

பின்சேர்க்கை 2: தொட்டியை எப்போது காலி செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சேறு பாதி கொள்ளளவுக்கு வரும்போது. மூடியைத் திறந்து ஒரு கம்பை விட்டுப் பாருங்கள். லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கிறதா என்பதையும் பதிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: மணல் படுகைக்கு மேல் புல் மட்டும்தான். வண்டி நிறுத்தக் கூடாது, மரம் கூடாது. போன மாதம் போய்ப் பார்த்தால் மாமியார் அதன் நட்ட நடுவில் ஒரு மூரூம் கொம்பை ஊன்றியிருக்கிறார், நம் முருங்கைதான். அங்கே மண் ஈரமாக, செழிப்பாக இருந்ததாம். மெதுவாகப் பிடுங்கி, டேப் பிடித்து அளந்து, 3 மீட்டர் 20இல் நட்டிருக்கிறேன். துளிர்த்துவிட்டது.