மார்ச்சில் சாக்கடல் போகிறவர்கள் கவனிக்க

கோடையில் 40 டிகிரியைத் தொடும் இடம் மார்ச்சில் பகலில் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். தண்ணீர் மட்டும் சற்றுக் குளிரும். நண்பகலுக்குப் பிறகு இறங்குவது சுகம்.

உப்பு சுமார் 34 சதவீதம், சாதாரணக் கடலைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. சிறு கீறல்கூடத் தீயாய் எரியும் என்பதால் சவரம், வாக்ஸிங் எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றி வையுங்கள். உப்புப் படிகங்கள் பாதத்தைக் கிழிக்கும், ரப்பர் செருப்போடு இறங்குங்கள்.

முழங்கால் ஆழத்துக்கு நடந்து, நாற்காலியில் உட்காருவது போல மெல்லப் பின்னால் சாயுங்கள். கால் தானாக மேலே வரும். குப்புற நீந்தவே நீந்தாதீர்கள். கால்கள் மேலெழும்ப முகம் நீருக்குள் அமிழும், மல்லாக்கத் திரும்புவது பெரும்பாடு. எழுந்திருக்க, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கையால் நீரைத் தள்ளிப் பாதத்தைக் கீழே ஊன்றுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்; கரையில் ஒரு பாட்டில் தயாராக இருக்கட்டும். நீரை விழுங்கிவிட்டால் உடனே உயிர்காப்பாளரிடம் சொல்லுங்கள், இது விளையாட்டல்ல. பத்துப் பதினைந்து நிமிடம் போதும், பிறகு நல்ல தண்ணீரில் குளியல்.

இந்தப் பருவத்தின் உண்மையான ஆபத்து வேறு. மலையில் மழை பெய்தால், கரையில் வெயிலடிக்கும்போதே பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் பாயும். அதனால், ஜோர்டானின் வாடி முஜிப் பள்ளத்தாக்கில் ஓடும் நீரில் நடந்து செல்லும் பாதைகளைப் பொதுவாக ஏப்ரலில்தான் திறப்பார்கள். நீர்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்குவதால் கரையோர நிலம் குழிந்து உள்வாங்குகிறது. வேலி போட்ட இடத்தைத் தாண்டாதீர்கள்.