பேச்சாளர் எழும் முன்னரே மௌனமாகிவிடும் சபை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத் தோட்டங்களில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திவிட்டுத் திரும்பும் வளவாளர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: சனங்கள் வந்தார்கள், அமைதியாகக் கேட்டார்கள், ஆனால் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டால் கூச்சம் என்பார்கள், படிப்புக் குறைவு என்பார்கள். ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதப்பட்டால் அதே பெண்கள் எவ்வளவு தெளிவாகக் கணக்குக் கேட்கிறார்கள் என்பதையும், திருவிழாச் செலவைப் பற்றிக் கோயில் கூட்டத்தில் எத்தனை நுணுக்கமாக வாதாடுகிறார்கள் என்பதையும் பார்த்த எவரும் இந்த விளக்கத்தை ஏற்கமாட்டார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் ஒரு மண்டபத்துக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால், அவர்களை அழைத்ததற்கும் பேச்சாளர் எழுந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் அவர்களை மௌனமாக்கும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. நாம் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை முழுவதும் மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் லயன்கள், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள், மண்ணுக்குள் புதைந்தன. அது முன்னரே அபாயமுள்ள இடமாக அடையாளம் காணப்பட்டு, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்த இடம். வெளியேறினால் எங்கே போவது, வேலைக்கு எப்படி வருவது, பிள்ளைகளின் பாடசாலை என்னாவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காத வரையில் எந்தக் குடும்பத்துக்கும் எச்சரிக்கை மட்டும் போதாது. அந்தக் கேள்விகள் கூட்டத்தில் எழ வேண்டும். எழ வேண்டுமானால், கேட்பது தங்கள் உரிமை என்று வந்திருப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு அழைப்பிலேயே நேர்கிறது. "விழிப்புணர்வுக் கூட்டம், அனைவரும் தவறாது சமுகமளிக்கவும்" என்று எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகிறோம், அல்லது தோட்டத் தலைவரிடம் சொல்லி அனுப்புகிறோம். அந்த வாசகம் மக்களிடம் கேட்பது உடல் வருகையை மட்டுமே. அழைப்போடு ஒரேயொரு கேள்வியையும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்: "சென்ற மழைக்காலத்தில் உங்கள் லயனுக்குப் பின்னால் உள்ள மேட்டில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வந்த ஊற்று, கலங்கிய தண்ணீர் ஆகியவற்றில் எதையாவது கண்டீர்களா? வரும்போது அதைச் சொல்லுங்கள்." இவையெல்லாம் மண்சரிவுக்கு முன் தோன்றக்கூடிய அறிகுறிகள். வருபவர் இரண்டு நாட்களாக அதை நினைத்துப் பார்த்து, பக்கத்துக் காம்பராவிலும் விசாரித்துவிட்டு, சொல்வதற்கு ஒரு விடயத்தோடு வருவார். கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதே அவருடைய கற்றலை மிக அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று கல்வி உளவியலாளர் டேவிட் ஓசுபெல் 1968 இல் எழுதினார். தேயிலை மலையில் ஆண்டுக்கணக்காக நடப்பவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றித் தெரிந்திருப்பது, வெளியிலிருந்து வரும் வளவாளருக்குத் தெரிந்ததைவிடப் பல இடங்களில் அதிகம். அதைக் கேட்காமல் தொடங்குவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, வேலைக்கும் கேடு.

கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது கண்ணால் கண்டதைக் கேட்பதாக இருக்க வேண்டும். "அனர்த்த முகாமைத்துவம் பற்றி உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால் அதற்கு விடை சொல்ல யாரும் யோசிக்கமாட்டார்கள். அழைப்பை எழுதும் மொழியும் இத்தகையதே. அலுவலகச் சுற்றறிக்கையின் தமிழில் எழுதப்பட்ட அழைப்பு, வரவிருப்பதும் அதே நடையிலான உரைதான் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலை விட்டு வந்து, குளித்து, அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணை மாலை 5 மணிக்குக் கூப்பிட்டால் அவருடைய மனம் மண்டபத்தில் இராது. சம்பளம் கிடைத்த வார ஞாயிற்றுக்கிழமையில் பலர் டவுனுக்குப் போயிருப்பார்கள். நாளையும் நேரத்தையும் மாதர் சங்கத்தாரிடம் கேட்டு முடிவு செய்வது எளிது. அப்படிக் கேட்பதே கூட்டத்தில் அவர்களுக்குப் பங்குண்டு என்பதற்கான முதல் அடையாளமாகவும் அமையும்.

இருக்கை ஒழுங்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிகப் பெரிய பாதிப்பு அங்கேதான் ஏற்படுகிறது. வழக்கமான கூட்டத்தில் மேடையில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். முன்வரிசையில் துணி போர்த்திய கதிரைகள் தோட்ட நிர்வாகத்தாருக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும் என்று ஒதுக்கப்படும். அடுத்த வரிசைகளில் ஆண்களும், பின்னால் பெண்களும், வாசலருகில் கைக்குழந்தைக்காரர்களும் நிற்பார்கள். இந்த ஒழுங்கைப் பார்க்கும் தோட்டத்து மனிதருக்கு விடியற்காலைப் பிரட்டுக்களம் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. அங்கே முன்னால் நிற்பவர் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு கலைவார்கள். தலைமுறைகளாகப் பழகிய அந்த அமைப்பை நாமே மண்டபத்தில் மீண்டும் கட்டியெழுப்பிவிட்டு, பிறகு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "தயங்காமல் பேசுங்கள்" என்று அழைப்பதால் பயன் இல்லை. தமக்கு மேலதிகாரியாக உள்ளவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, லயனின் வடிகான் இரண்டு வருடங்களாகத் துப்புரவு செய்யப்படவில்லை என்று யார் சொல்வார்?

கதிரைகளை அரைவட்டமாகப் போடுங்கள். போதாவிட்டால் எல்லோரும் பாயில் உட்காருங்கள், வந்த உத்தியோகத்தர்களும் உட்படத்தான். ஆனால் முதியவர்களுக்குக் கதிரை வேண்டும். உத்தியோகத்தர்களிடம் முன்னதாகவே பேசி, அவர்கள் சபையினரிடையே கலந்து அமரச் சம்மதம் பெறுங்கள். பண்பாக விளக்கினால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. மறுப்பவர் இருந்தால், அவரைத் தொடக்கத்தில் சில வார்த்தைகள் பேசச் செய்து நன்றியோடு வழியனுப்பிவிட்டு, மக்களோடு பேச்சைத் தொடங்குவது நல்லது.

இதனோடு ஒட்டியது தொடக்கச் சடங்கு. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, சிறப்புரை என்று நீளும் வரிசை முடிய ஒரு மணித்தியாலம் ஆகிவிடும். நேரம் வீணாவதைவிடப் பெரிய தீங்கு இதில் இருக்கிறது. அந்த ஒரு மணித்தியாலம் முழுவதும் சபைக்கு ஒரு பயிற்சி நடக்கிறது: உட்கார்ந்திரு, பார், சொன்னபோது கைதட்டு. அந்தப் பயிற்சியை முழுமையாகப் பெற்றுவிட்ட சபையிடம் முதன்மைப் பேச்சாளர் வந்து கேள்வி கேட்கும்போது, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

சபையை ஆயத்தப்படுத்தும் கலை மலையகத்துக்குப் புதிதல்ல. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து மன்மதன் எரிக்கப்படும் இரவு வரைக்கும் தோட்டம் முழுவதும் எப்படி மெல்ல மெல்லக் கூத்துக்குள் இழுக்கப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆடுகிறவர்கள் அதே லயன்களைச் சேர்ந்த பிள்ளைகள். பாட்டு ஒவ்வோர் இரவும் காதில் விழுகிறது. கடைசி இரவில் களத்தைச் சூழ்ந்து நிற்பவர்களில் வெறும் பார்வையாளர் என்று எவரும் இருப்பதில்லை. தப்புக்காரர்கூட அடிப்பதற்கு முன் தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, ஓசை ஏறிய பிறகுதான் தோளில் மாட்டுகிறார். கூத்துக்கு இத்தனை நாள் ஆயத்தம் செய்யத் தெரிந்த ஊரில், உயிரைக் காக்கும் விடயத்துக்கு அரை மணித்தியாலம்கூட ஒதுக்காமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த அரை மணித்தியாலத்தை விழுங்குவது பெரும்பாலும் மல்டிமீடியா. மக்கள் வரத் தொடங்கும்போது வளவாளர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயர்களைப் பொருத்திக்கொண்டிருப்பார், மடிகணினி திறக்காது, திரை சாயும், மின்சாரம் போகும். நானும் அப்படி நின்றிருக்கிறேன். முதலில் வந்து அமர்ந்த நான்கு பெண்கள் நாற்பது நிமிடங்கள் சும்மா இருந்தார்கள் என்பதும், அவர்களில் ஒருவருடைய லயனில்தான் சுவர் வெடித்திருந்தது என்பதும் கூட்டம் முடிந்த பிறகே எனக்குத் தெரியவந்தது. கருவிகளைப் பொருத்தும் வேலையை மக்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் உதவியாளர் ஒருவரிடம் விட்டுவிட்டு வாசலில் நிற்க வேண்டும். வருபவரைப் பெயர் கேட்டு, அக்கா, ஐயா என்று முறை சொல்லி வரவேற்று, எந்த லயன், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், மழைக்குப் பாதை எப்படி இருக்கும் என்று விசாரிப்பதில் கிடைப்பது வேறெந்தத் தயாரிப்பிலும் கிடைக்காது. வாசலில் ஒருமுறை குரல் கொடுத்தவருக்குச் சபையில் இரண்டாம் முறை குரல் கொடுப்பது எளிது.

வந்தவர்கள் வெறுமனே காத்திருக்கவும் கூடாது. தரையில் வெண்கட்டியால் தோட்டத்தின் உருவத்தைப் பெரிதாக வரைந்து, பாதை, ஓடை, கோயில், பிள்ளை மடுவம் (குழந்தைகளைப் பராமரிக்கும் இடம்) ஆகியவற்றை மட்டும் குறித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கூடையில் தேயிலைக் கொட்டைகளை வையுங்கள். வருகிற ஒவ்வொருவரும் தம் வீடு இருக்கும் இடத்தில் ஒரு கொட்டையை வைக்க வேண்டும். ஓடை இந்தப் பக்கமல்ல, அந்தப் பக்கம் என்று யாரோ திருத்துவார்கள், அந்த இடத்தில் முன்பு மண் இறங்கியது என்று ஒரு முதியவர் சொல்வார். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது.

மழைமானி ஒன்றையும் மேசையில் வைத்துவிடலாம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடிப்பகுதி மட்டமாக வரும்படி செய்து, அங்கிருந்து அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150 மில்லிமீற்றர் உயரங்களில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறக் கோடுகள் போட்டால் போதும். மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 ஐத் தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். இந்த எண்களை முதலிலேயே விளக்கிவிடுவது தவறு. போத்தலைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் "இந்தச் சிவப்புக் கோடு எதற்கு" என்று தாமாகக் கேட்கட்டும். கேட்டவருக்குச் சொன்ன விடை நினைவில் நிற்கும். இதே காரணத்துக்காகத்தான் துண்டுப்பிரசுரத்தையும் வாசலிலேயே கொடுத்துவிடக் கூடாது.

வினாக்கொத்துப் படிவத்தை நிரப்பச் சொல்லி நீட்டுவது பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை. எழுத்தறியாத மூத்த பெண் ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும் அந்தக் கணத்தில், அன்றைய கூட்டத்தில் அவர் இனிப் பேசமாட்டார் என்பது உறுதியாகிவிடுகிறது. கணக்கெடுப்பு வேண்டுமானால் படம் வரைந்த மூன்று தட்டுகளில் கல் போடச் சொல்லலாம். அதே போல, கடன், சாதி, குடும்பத்துக்குள் உள்ள சிக்கல் ஆகியவற்றைத் தொடும் எதையும் கையுயர்த்தச் சொல்லிக் கேட்கவே கூடாது.

வாசலில் ஒருவர் சொன்ன செய்தியைச் சபையில் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். "நீங்கள் சொன்னதை எல்லோருக்கும் சொல்ல முடியுமா, நானே கேட்கட்டுமா" என்று அனுமதி பெற்றுக்கொண்டு பிறகு அவரை அழைப்பது முறை. அனுமதியில்லாமல் பெயர் சொல்லி எழுப்பினால், அவர் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோரும் அடுத்த கூட்டத்தில் வாசலிலேயே மௌனமாகிவிடுவார்கள். தெரிந்த இளைஞர் ஒருவரிடம் கேள்வியை எழுதிக் கொடுத்து கேட்கவைக்கும் பழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும். தோட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த ஏற்பாடு ஐந்து நிமிடங்கள்கூட மறைந்திருக்காது.

உரைக்குச் சற்று முன் சபையிடம் கேட்கும் முதல் கேள்வி ஒரு ஒத்திகை போன்றது. அதைக் கேட்டுவிட்டு நாம் காத்திருக்கத் தவறுகிறோம். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாகி, வழக்கமாகப் பேசாத மாணவரும் பேசத் தொடங்கினர் என்பதையும் 1970களில் காட்டினார். பேச்சாளருக்கு மூன்று விநாடி மௌனம் மிக நீண்டதாகத் தோன்றும், அதனால் தாமே விடையைச் சொல்லிவிடுவார். அப்படி ஒருமுறை சொல்லிவிட்டால், பொறுத்திருந்தால் விடை அவரிடமிருந்தே வந்துவிடும் என்று சபை கற்றுக்கொள்கிறது. ஆகவே மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக்கொண்டு நில்லுங்கள். முதல் கேள்வி எல்லோருக்கும் விடை தெரிந்ததாக இருக்கட்டும்: "போன மாதம் மழை அதிகமா, அதற்கு முந்திய மாதம் அதிகமா?" என்பது போதும்.

கேட்டு வாங்கியவற்றை உரைக்குள் சேர்க்காமல் விடுவது இந்த ஆயத்தங்கள் அனைத்தையும் அழித்துவிடும். அழைப்பில் கேள்வி கேட்டோம், வாசலில் விசாரித்தோம், தரையில் வரைபடம் போட்டோம். பிறகு கொழும்பில் தயாரித்த அதே நாற்பது படங்களை அதே ஒழுங்கில் காட்டினால், தாங்கள் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை மக்கள் உடனே கண்டுகொள்வார்கள். படங்களில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு வருவது நல்லது. லயனுக்குப் பின்னால் புதிதாக ஊற்று வந்திருப்பதாக ஒரு அம்மா சொல்லியிருந்தால், அவரையே தரைப்படத்துக்கு அழைத்து, அந்த இடத்தில் அவர் கையால் ஒரு நீலக் கோடு போட்ட பின்னரே திரையில் முதல் படம் வர வேண்டும்.