தத்துக் குடும்பத்துக்கும் பெற்ற குடும்பத்துக்கும் நடுவே: தகவல் கொண்டுசெல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்ற குடும்பத்துக்கும் தத்தெடுத்த குடும்பத்துக்கும் நடுவே கடிதமும் செய்தியும் கொண்டுபோகும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் எங்கெங்கே சறுக்கியதோ, அங்கேயே இவர்களும் சறுக்குகிறார்கள். கோப்பைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்து போகாதே, நடைவழியில் நின்று பெயர் சொல்லிப் பேசாதே என்பதெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியாகிவிட்டது. வகுப்பில் சொல்லாதவை, சொன்னாலும் மண்டையில் ஏறாதவை மட்டும் இங்கே.

பெயரை அடித்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பது

பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்றையும் அடித்துவிட்டு நிம்மதியாகக் கடிதத்தை அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பதைப் படித்துப் பாருங்கள்: பெற்றவள் இரட்டையரில் ஒருத்தி, நீச்சலில் மாநிலப் பதக்கம் வாங்கியவள், அவளுடைய அப்பா கால்நடை மருத்துவர். ஒவ்வொன்றும் தனியாக யாரையும் காட்டிக்கொடுக்காது. மூன்றையும் சேர்த்துத் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார். கால்நடை மருத்துவரை 'மருத்துவத் துறையில் இருந்தவர்' ஆக்கலாம், பதக்கத்தை 'விளையாட்டில் கெட்டிக்காரி' ஆக்கலாம். குழந்தைக்கு வேண்டிய சாரம் அதில் போய்விடாது.

புகைப்படங்களில் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். சட்டைப்பையில் தைத்த பள்ளிச் சின்னம், பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட், சுவரில் மாட்டிய சான்றிதழ் எல்லாம் பேசும். அலைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த இடமே பதிவாகி இருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும், அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். அச்சிட்டுக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பிடிஎஃப் கோப்பில் எழுத்தின்மேல் கறுப்புக் கட்டம் வரைவதும் இதே கதைதான். பெரும்பாலும் கட்டத்துக்கு அடியில் எழுத்து பத்திரமாக இருக்கும். சுட்டியால் இழுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயர் வந்து விழும். அடித்ததை அச்சிட்டு, அந்தத் தாளை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். உள்ளே எல்லாம் கறுப்பு, ஆனால் கோப்புக்கு வைத்த பெயரே பெற்ற தாயின் பெயர் என்று ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது.

ஒரு 'வேண்டாம்' எல்லாவற்றுக்கும், எல்லாக் காலத்துக்கும் என்று எடுத்துக்கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒரு கோப்பு. முகப்பில் பெரிய எழுத்தில் 'தொடர்புக்கு ஒப்புதல் இல்லை' என்று முத்திரை. குழந்தையைக் கொடுத்த நாளில் அந்தத் தாய் சொன்னது உள்ளே ஒரு தாளில், அப்போதைய பணியாளரின் கையெழுத்தில் இருந்தது: "வீட்டு முகவரிக்கு எதுவும் வரக்கூடாது. கட்டிக்கப்போறவருக்கு இது தெரியாது. பிள்ளைக்குப் பெரிய விஷயம் ஏதாவதுன்னா, பகல்ல வேலை இடத்துக்குக் கூப்பிடுங்க." அவர் மூடியது ஒரு கதவை. இன்னொன்றைத் திறந்தே வைத்திருந்தார். முத்திரை குத்தியவர் இரண்டையும் சேர்த்துச் சாத்திவிட்டார்.

வருடங்கள் கழித்துத் தத்துத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. பையன் நீச்சல் குளத்தில் மயங்கி விழுந்திருக்கிறான். ஈசிஜி எடுத்ததில் 'லாங் க்யூடி' என்று தெரிந்தது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் வரும் கோளாறு அது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது, திடீர் மரணம்வரை கொண்டுபோகக்கூடியது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்த உறவுகள் ஈசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும், கோளாறு இருப்பவர்கள் சில மருந்துகளைத் தொடவே கூடாது. "அவர்களுக்கு எப்படியாவது சொல்லிவிடுங்கள்" என்று அந்தம்மா எழுதியிருந்தார்.

கடிதத்தை வாங்கிய இளம் பணியாளர் முகப்பைப் பார்த்தார், 'சேர்ப்பிக்க இயலாது' என்று எழுதினார், கோப்பில் வைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. கோப்புகளைச் சரிபார்க்கும்போது வேறொருவர் உள்தாள்களைப் புரட்டியதால்தான் வெளியே வந்தது. பகலில் வேலை இடத்துக்குக் கூப்பிட்டோம். அந்தத் தாய்க்கு அதற்குள் இன்னும் இரண்டு பிள்ளைகள். அதில் மகளுடைய ஈசிஜியிலும் அதே கோளாறு. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் அவள் எத்தனை தடவை ஓடியிருப்பாள், குளத்தில் இறங்கியிருப்பாள் என்று யாரும் கணக்குப் போட விரும்பவில்லை.

இதில் யாரும் விதியை மீறவில்லை. ஒவ்வொருவரும் ரகசியம் காத்ததாகவே நம்பினார்கள். அதுதான் என் கோபம். தகவலைக் கசியவிட்டவனுக்கு மெமோ வரும். போய்ச் சேர வேண்டியதை அமுக்கி வைத்தவனுக்கு ஒன்றும் வராது. அதனால் புதியவர்கள் அமுக்குவதையே பாதுகாப்பு என்று பழகிக்கொள்கிறார்கள்.

ஒப்புதலை ஒரே கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள். மருத்துவத் தகவல், கடிதம், படம், பெயர், நேரில் சந்திப்பது என்று தனித்தனியாகக் கேளுங்கள். எந்த வழியாகச் சொல்லலாம், எந்த வழியாகக் கூடாது என்பதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். மறுபடி எப்போது கேட்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். பிரசவமான கையோடு கையெழுத்துப் போட்ட பெண்ணுக்குப் பத்து வருடம் கழித்தும் அதே மனசுதான் இருக்கும் என்று எப்படி முடிவுகட்டுகிறீர்கள்?

இன்னொன்று. மருத்துவத் தகவல் என்றாலே பெற்ற குடும்பத்திலிருந்து தத்துக் குடும்பத்துக்குப் போவது என்றுதான் படிவங்கள்கூட அமைந்திருக்கின்றன. எதிர்த்திசையிலும் போகும். தாய் பக்கம் மட்டுமல்ல, தந்தை பக்கமும் போக வேண்டும். அந்த ஆள் கோப்பில் வெறும் ஒரு வரியாக இருப்பதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அத்தனையையும் கொட்டிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. மருத்துவருக்கு வேண்டியது என்ன நோய், குழந்தைக்கு என்ன உறவு, எந்த வயதில் வந்தது, மரபணுச் சோதனையில் உறுதியானதா என்பவைதான். 'தாய்வழியில் பெரியம்மா முறை ஒருவருக்கு 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய்' என்றால் போதும். ஆஸ்பத்திரி பெயரோ தேதியோ எதற்கு? அந்தப் பெரியம்மாவுக்கு இப்படியொரு குழந்தை பிறந்த விஷயமே தெரியாமல் இருக்கலாம், தங்கையின் கையெழுத்து அவருடைய நோய்க்கான ஒப்புதல் ஆகாது. ஆய்வறிக்கையே தேவைப்பட்டால், ஒரு பக்கத்து மருத்துவரிடமிருந்து இன்னொரு பக்கத்து மருத்துவருக்கு நேராகப் போகட்டும்.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, பிறப்புப் பின்னணியோடு மருத்துவ வரலாற்றையும் பாதுகாத்து வைக்கச் சொல்வது சும்மா இல்லை. பாதுகாப்பது என்றால் பீரோவில் பூட்டுவது மட்டும் என்று யாரோ அர்த்தம் பண்ணிக்கொண்டுவிட்டார்கள்.

'ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது' என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல தாய்மார்கள் அப்படித்தான் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். 1975-இல் வந்த சட்டம், 18 வயதான தத்துப் பிள்ளைகள் தத்துக்கு முந்தைய தங்கள் பிறப்புப் பதிவைப் பார்க்க வழிவிட்டது, பழைய தத்துகளுக்கும் சேர்த்து. நியூசிலாந்தில் 1985 சட்டம் கதவைத் திறந்தது. பழைய தத்துகளில் பெற்றவர் தடை போடலாம், ஆனால் அது பத்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். அயர்லாந்தில் 2022 சட்டப்படி, தொடர்பு வேண்டாமென்று பெற்றவர் பதிந்திருந்தாலும் பிறப்புச் சான்றிதழ் பிள்ளைக்குக் கிடைக்கும். தொடர்பு வேண்டாம் என்ற அவருடைய விருப்பத்தைப் பிள்ளைக்கு முதலில் விளக்குவார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் வேர் தேடும், அதாவது தன்னைப் பெற்றவர் யாரென்று தேடும் பிள்ளைக்குத் தத்தெடுப்பு விதிமுறை வழி தருகிறது, பெற்றவரின் அந்தரங்கத்தையும் கூடவே காக்கச் சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள். பிள்ளையும், எங்கோ இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனும் பொழுதுபோக்காக எச்சிலை ஒரு குப்பியில் ஒரே நிறுவனத்துக்கு அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்துகொண்டால் போதும், இரண்டு குடும்பமும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். 'எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகாது' என்பதுவரைதான் நீங்கள் சொல்லலாம். அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

கடிதத்தைத் திருத்தி அழகாக்குவது

உங்களுக்கு அது வேலை இல்லை. அனுப்ப முடியாத வரி இருந்தால் எழுதியவரிடம் திருப்பிக் கொடுத்து, காரணம் சொல்லி, அவரையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைக்கூடத் தொடாதீர்கள்.

உறையில் அலுவலக முத்திரை

முத்திரை இல்லாத உறை. எப்போதும்.

பிள்ளைக்கு 18 ஆன பிறகும் பெற்றோரின் கையெழுத்தையே கேட்பது

வருடா வருடம் தத்துப் பெற்றோர் படம் அனுப்புவார்கள், நாமும் பழக்கதோஷத்தில் வாங்கி அந்தப் பக்கம் சேர்த்துவிடுவோம். 18-வது பிறந்தநாளுக்குப் பிறகு அந்தப் படத்தில் இருப்பவர் வளர்ந்த ஆள். அவரைக் கேட்காமல் அவருடைய கல்லூரி, காதல், வேலை என்று எதுவும் நகரக்கூடாது. பெற்றோர் இதில் கோபித்துக்கொள்வார்கள். "நாங்க வளர்த்த பிள்ளை, எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும். 16 வயதிலேயே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிட்டால் கோபம் பாதியாகக் குறையும்.

சொந்த அலைபேசியிலிருந்து கூப்பிடுவது

ட்ரூகாலர் உங்கள் பெயரோடு நீங்கள் வேலை பார்க்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டிவிடலாம், எடுப்பவர் அந்த வீட்டு மாமியாராக இருக்கலாம். எண்ணை நீங்கள் சேமித்து வைத்தாலும் வம்புதான். உங்கள் தொடர்புப் பட்டியலை ஃபேஸ்புக்குக்குப் பார்க்கக் கொடுத்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு நீங்களும் உங்களுக்கு அவளும் 'தெரிந்தவராக இருக்கலாம்' என்று வந்து நிற்க வாய்ப்புண்டு. அலுவலக எண்ணிலிருந்து கூப்பிடுங்கள். அவரே எடுத்தாலும், "இப்போ பேச முடியுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை எங்கிருந்து கூப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள்.