உதகைக் குளிரில் கைட்டோசான் நானோ இழைக் காயக்கட்டு: ஒரு செய்முறை

இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசானை மின்நூற்பு முறையில் (உயர் மின்னழுத்தத்தால் கரைசலை மிக மெல்லிய இழையாக இழுக்கும் முறை) நானோ இழையாக்கிக் காயக்கட்டு செய்யும் குறிப்புகளை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் எழுத்துக்கு எழுத்து பின்பற்ற முயல்பவர் முதல் நாளே திகைத்து நிற்பார். ஜனவரிக் காலையில் அடர் அசிட்டிக் அமிலம் புட்டிக்குள்ளேயே உறைந்திருக்கும். அதன் உறைநிலை 16.6 டிகிரி செல்சியஸ். ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பருகே கொண்டு செல்லாமல், புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி உருக்க வேண்டும்.

அமிலத்தையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் 3 விழுக்காடு கைட்டோசானை இரவு முழுவதும் கலக்கிக் கரைக்க வேண்டும். கைட்டோசான் சங்கிலிகள் நேர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்குவதால் அது தனியாக எளிதில் நூலாகாது. எனவே 9 லட்சம் மூலக்கூறு எடையுள்ள, எளிதில் நூலாகும் பாலி எத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரின் 3 விழுக்காட்டுக் கரைசலைச் சம அளவு சேர்த்துத் தொடங்கி, இழை சீராக வந்த பிறகு அதைப் படிப்படியாகக் குறைக்கலாம். குளிரில் கரைசல் கெட்டிப்படும். அறையை 20 முதல் 25 டிகிரியில் வைத்திருப்பது நல்லது.

மழுங்கிய ஊசியுள்ள சிரிஞ்சிலிருந்து மணிக்கு 0.5 மில்லிலிட்டர் வீதம் கரைசலைச் செலுத்தி, 15 சென்டிமீட்டர் தொலைவில் அலுமினியத் தாளை நிறுத்தி, மின்னழுத்தத்தை 10 கிலோவோல்ட்டிலிருந்து மெல்ல உயர்த்த வேண்டும். மலைக்காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் ஊசி முனையிலிருந்து காற்றில் மின்கசிவு சமவெளியைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே தொடங்கிவிடும். ஊசி முனையில் சீறல் ஒலி கேட்டால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, இழை வரவில்லை என்று மேலும் ஏற்றக்கூடாது. தாளைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்தி, ஊசியைப் புவியிணைப்பில் தொடுத்து மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும்.

இருப்பினும் பெரும் தொல்லை ஈரம்தான். மூடுபனி நாளில் கரைப்பான் ஆவியாகாமல் இழைகள் ஒட்டிக்கொண்டு மணிமணியாகத் திரளும். நூற்புப் பெட்டிக்குச் சிலிக்கா ஜெல் வழியாக உலர்த்திய காற்றைச் செலுத்தி, ஈரப்பதத்தை 30 முதல் 40 விழுக்காட்டில் நிறுத்த வேண்டும். அமில ஆவி வெளியேறவும் வழி இருக்க வேண்டும். நூற்க ஏற்ற வறண்ட காற்று கிடைப்பதும் அமிலம் உறையும் அதே ஜனவரியில்தான்.

நூற்ற இழை விரிப்பு அப்படியே விட்டால் நீரில் கரைந்துவிடும். அதைத் தடுக்கச் செறிந்த சோடியம் கார்பனேட் கரைசலில் ஊறவைத்து, காரத்தன்மை நீங்கும்வரை கழுவி, வடிதாள்களுக்கிடையே உலர்த்த வேண்டும்.

இடுக்கி, கண்ணாடிக் கலங்களைக் கிருமிநீக்க ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) போதும். ஆனால் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டும்போதும் இங்கே 121 டிகிரி கிடைக்காது, சுமார் 117 தான் கிடைக்கும். எனவே அழுத்தமானியை நம்பாமல் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். விரிப்பைக் கிருமிநீக்கக் காமா கதிர் அல்லது எத்திலீன் ஆக்சைடு வாயு வசதியுள்ள இடத்துக்கே அனுப்ப வேண்டும். அதன் பின்னரும் உயிர்ப்பொருத்தச் சோதனைகள் (உடலுக்குத் தீங்கில்லை என உறுதிசெய்பவை) முடியும்வரை இதை மனிதக் காயத்தில் வைக்கக்கூடாது. பொதியின்மேல் இறால், நண்டு ஒவ்வாமை எச்சரிக்கையையும் எழுதி ஒட்ட வேண்டும்.