பெருநகர ரயில்களோடு ஒரு நாள்: முதல்முறை கிளம்புகிற ரயில் ரசிகர்களுக்கான செய்முறை

மெட்ரோ வரைபடத்தைப் பார்த்ததும் யாருக்கும் வருகிற ஆசை, எல்லா வழித்தடத்திலும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட வேண்டும் என்பதுதான். முதல் நாளே அதில் இறங்காதீர்கள். சாயங்காலம் கால் வலிதான் மிஞ்சும். எந்த ரயிலை எங்கே பார்த்தோம் என்பதெல்லாம் குழம்பிப்போகும். அதற்குப் பதில் ஒரே ஒரு தடத்தை முழுதாகப் பிடியுங்கள். அதில் எத்தனை ரேக் (ஒரே ரயிலாகக் கோத்து ஓடும் பெட்டித் தொடர்) ஓடுகிறது, என்னென்ன வகை, எங்கே திரும்புகிறது என்று தெரிந்துகொண்டு, மீதி நேரத்தில் வேறு ஒன்றிரண்டு தடங்களில் ஏறி ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 1: தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாதித் தூரமாவது தரைக்கு மேலே ஓடுகிற தடமாக இருக்கட்டும். சுரங்கத்துக்குள் ஒலி நன்றாகக் கேட்கும், ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது. நடைமேடையில் கூரைவரை கண்ணாடிக் கதவு வைத்த நிலையங்களும் வேண்டாம். கதவுக்குப் பின்னால் ரயில் வந்து நிற்பது நிழலாட்டமாகத்தான் தெரியும்.

பழையதும் புதியதுமாக இரண்டு வகை ரேக்காவது ஓட வேண்டும். ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் டிப்போ தடத்தை ஒட்டியே இருந்தால் இன்னும் நல்லது. செயற்கைக்கோள் வரைபடத்தில் பத்துப் பதினைந்து தண்டவாளம் விசிறிபோல் பிரிகிற இடம்தான் டிப்போ. பக்கத்தில் பாதசாரி மேம்பாலம் ஏதாவது இருக்கிறதா என்றும் அதிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒரே நகரத்தின் ரயில்கள் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க்கில் எண் போட்ட தடங்களில் ஓடும் பெட்டி, எழுத்துப் போட்ட தடங்களின் பெட்டியைவிடக் குறுகல். அகலப் பெட்டி அந்தச் சுரங்கத்துக்குள் நுழையாது. பெர்லினிலும் 2.3 மீட்டர், 2.65 மீட்டர் என்று இரண்டு அகலம் உண்டு. டெல்லி மெட்ரோவின் முதல் தடங்கள் 1676 மி.மீ. அகலப்பாதையில் போடப்பட்டன, பின்னால் வந்தவற்றில் பல 1435 மி.மீ. பாதை. ஒப்பிட இரண்டாவது தடம் தேடும்போது இப்படி ஒரு வித்தியாசம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

வட்டப்பாதை முதல் தேர்வாக வேண்டாம். டோக்கியோவின் யமனோடே தடம் 34.5 கி.மீ., 30 நிலையம், சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுகமான பயணம்தான். ஆனால் முனையம் இல்லாததால் ரயில் திரும்புகிற வேலையைப் பார்க்க முடியாது. மதியம் கால் ஓய்ந்தபிறகு உட்கார்ந்து சுற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எத்தனை ரேக் என்று முதல் நாளே கணக்குப் போடுங்கள்

கால அட்டவணையிலிருந்து மூன்று எண் போதும்: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் நேரம், முனையத்தில் நிற்கும் நேரம், அடுத்தடுத்த ரயிலுக்கு நடுவே உள்ள இடைவெளி.

ஓட்டம் 52 நிமிடம், முனையத்தில் நிற்பது 8 நிமிடம் என்று வையுங்கள். போய் வர மொத்தம் 120 நிமிடம். ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 120-ஐ 6-ஆல் வகுக்க, 20 ரேக். நடுவில் ஏதாவது ஒரு நிலையத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால், இருபதும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை உங்களைக் கடந்தே ஆக வேண்டும்.

நிற்க நேரமில்லை என்றால் முனையிலிருந்து முனைவரை ஒரு தடவை போய்விடுங்கள். நீங்களும் நகர்வதால் எதிர்ப்பக்கம் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும். மறுமுனையில் நிற்பதையும், நீங்கள் ஏறியதையும் சேர்த்தால் அந்த 52 நிமிடத்திலேயே கிட்டத்தட்ட எல்லா ரேக்கையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எதிரெதிராகப் பாய்கிற ரயிலில் எண்ணைப் படிக்க முடியாது. வகையும் வண்ணமும்தான் கண்ணில் படும். அதனால் முதலில் ஒரு தடவை போய்ப் பார்த்து என்னென்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு நின்று எண்களை எழுதுவது நல்ல வரிசை.

இந்தக் கணக்கு நெரிசல் நேரத்தில் தப்பும். காலையில் கூடுதல் ரேக்குகள் வந்து சேரும், நெரிசல் முடிந்ததும் டிப்போவுக்குப் போய்விடும். அந்த இறங்குமுக நேரத்தில் டிப்போ பக்கத்து நிலையத்தில் நின்றால், வழக்கமாகப் பயணிகள் ரயில் போகாத கிராஸ்ஓவரில் (ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறும் இணைப்பு) காலி ரேக்குகள் திரும்புவதைப் பார்க்கலாம்.

படி 3: டிக்கெட்

நாள் முழுவதற்குமான பாஸ் இருந்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். தனித்தனி டிக்கெட்டில் இரண்டு சிக்கல். பல மெட்ரோக்களில் உள்ளே நுழைந்து இவ்வளவு நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று வரம்பு உண்டு; நடைமேடையில் இரண்டு மணி நேரம் நின்றால் தாண்டிவிடும். நுழைந்த நிலையத்திலேயே வெளியேறினால் கதவு திறக்காது, அல்லது அபராதம் பிடிக்கும். ஆனால் டோக்கியோ புறநகர்ப் பகுதி ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் ரசிகர்களுக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது: ஒரே நிலையத்தை இரண்டு முறை தொடாமல் எவ்வளவு சுற்றிப் போனாலும், கட்டணம் மிகக் குறைந்த தூரத்துக்குத்தான்.

படி 4: பை

சின்ன நோட்டு, இரண்டு பால்பாயின்ட் பேனா, பவர் பேங்க், தண்ணீர், தொப்பி. ஜெல் பேனா மழைத்துளி பட்டால் கலையும். ட்ரைபாட் வேண்டாம், முக்கால்வாசி நிலையங்களில் விடமாட்டார்கள்.

படி 5: எங்கே நிற்பது

நடைமேடையின் நடுவில் கூட்டம் மறைக்கும். கடைசிப் பெட்டி நிற்கிற இடத்திலிருந்து சற்று உள்ளே, மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நில்லுங்கள். நடைமேடையின் எந்த முனை என்பதை வெயில் முடிவு செய்யட்டும்: சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் ரயிலின் முகத்தில் வெளிச்சம் விழும்.

மேலே மின்கம்பி இருக்கிற தடத்தில் செல்ஃபி குச்சி, நீளக் குடை இரண்டையும் தூக்கவே கூடாது. 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். மேம்பாலத்திலிருந்து பார்க்கும்போதும் இதே எச்சரிக்கைதான்.

படி 6: எண் எழுதுவது

ஒரு வரியில் ஐந்து விவரம்: நேரம், திசை, ரேக் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, முகப்பில் எழுதியிருக்கும் சேருமிடம். அதற்கு மேல் எழுதப்போனால் அடுத்த ரயிலைக் கோட்டைவிடுவீர்கள்.

எண் எந்த முறையில் போடப்பட்டிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் ஆறு இலக்க ரேக் எண்ணில் முதல் மூன்று வகையைச் சொல்லும், கடைசி மூன்று அந்த வகையில் எத்தனையாவது என்பதை. நியூயார்க்கில் பெட்டிக்குப் பெட்டி தனி எண். அங்கே முதல் பெட்டி, கடைசிப் பெட்டி எண்களை மட்டும் எழுதினால் போதும்.

3-ம் 8-ம், 1-ம் 7-ம் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ரயில் கிளம்பும்போது பின்முகப்பையும் பாருங்கள். பல ரேக்குகளில் இரண்டு முகப்பிலும் எண் இருக்கும், சரிபார்க்க இரண்டாவது வாய்ப்பு.

படி 7: ஏறி உட்காருங்கள், காதைக் கொடுங்கள்

முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளம் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் உண்டு. ஓட்டுநர் இல்லாத ரயில்களில் அது நிறைவேறும். வான்கூவர், கோபன்ஹேகன், லண்டன் டாக்லாண்ட்ஸ் எல்லாம் அந்த ரகம். மற்ற இடங்களில் ரயிலின் பாதி விஷயம் பெட்டித் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. அதற்கு மோட்டார் பெட்டியில் ஏற வேண்டும்.

எல்லாப் பெட்டியிலும் மோட்டார் இருக்காது. பேண்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கை) இருக்கிற பெட்டியில்தான் மோட்டாரும் இருக்கும் என்பது பொதுவான தப்பெண்ணம். பல ரேக்குகளில் அது வேறு பெட்டியில் இருக்கும். ரயில் கிளம்பும்போது நடைமேடையிலிருந்தே கேளுங்கள். சில பெட்டிகள் முனகிக்கொண்டு கடக்கும், சில பெட்டிகள் சக்கரச் சத்தத்தோடு மட்டும் போகும். முனகுவது மோட்டார் பெட்டி. அடுத்த ரயிலில் அதே இடத்துப் பெட்டியில் ஏறி, சக்கரத் தொகுதிக்கு நேர்மேலே, அதாவது பெட்டியின் நடுவில் இல்லாமல் ஒரு முனையை ஒட்டி உட்காருங்கள்.

இப்போது கிளம்புகிற முதல் பத்து நொடிகளைக் கவனியுங்கள். ரயிலின் வயதே அதில் தெரிந்துவிடும்.

லேசான குலுக்கல், அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், மறுபடி குலுக்கல், மறுபடி 'டக்' என்று போனால் அது பழைய டி.சி. (நேர்மின்னோட்ட) மோட்டார். கிளம்பும்போது மின்னோட்டத்தை அடக்கத் தடைகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். வேகம் கூடக்கூட ஒவ்வொன்றாக விலக்குகிற சத்தம்தான் அந்த 'டக்'.

குலுக்கல் இல்லாமல், சுருதி மாறாமல் ஒரே சீராக 'ங்ங்' என்று ரீங்கரித்தால் அது சாப்பர் வகை. நொடிக்கு இத்தனை தடவை என்று மாறாத கணக்கில் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் சுருதியும் மாறுவதில்லை.

சுருதி ஏறி, திடீரென்று இறங்கி, மறுபடி ஏறினால் அது ஏ.சி. (மாறுமின்னோட்ட) மோட்டாரை ஓட்டும் முதல் தலைமுறை இன்வெர்ட்டர், அதாவது டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் கருவி. அதிலிருக்கும் ஜி.டி.ஓ. என்ற குறைகடத்தி வேகமாகத் திறந்து மூட முடியாதது. அதனால் ரயில் வேகம் ஏறும்போது, ஏ.சி. மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு எத்தனை துடிப்பு என்பதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படி மாறும்போதும் சுருதி விழும். ஜப்பானின் கெய்க்யூ ரயில்கள் சிலவற்றில் சீமென்ஸ் பொறியாளர்கள் இதையே ஸ்வரவரிசையாக அமைத்தார்கள். 2021-ல் கடைசியாக இருந்ததையும் மாற்றிவிட்டார்கள்.

பின்னால் வந்த ஐ.ஜி.பி.டி. என்ற குறைகடத்தி வகை மெல்லிய, உயர்ந்த 'ஈ' ஒலியோடு வழுக்கிக்கொண்டு கிளம்பும். அதற்கும் பிந்திய சிலிக்கான் கார்பைடு வகையில் ஏர்கண்டிஷனர் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். புதிய ரேக்குகளில் ஒலிக்காக ஏறுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

நிற்கும்போதும் கேளுங்கள். கிளம்பியபோது வந்த வரிசை தலைகீழாக வந்தால், மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது என்று அர்த்தம். 'தப் தப் தப்' என்று வேகத்தோடு கூடிக் குறைகிற அடி கேட்டால், எப்போதோ பிரேக்கில் சக்கரம் சுழலாமல் இழுபட்டு ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. மழைக்காலத்தில் இது அதிகம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏர்கண்டிஷனரும் சில விளக்குகளும் சில நொடி அணைந்து எரிந்தால் கோளாறு இல்லை. மின்கம்பியில் மின்சாரம் இல்லாத நடுநிலைப் பகுதியைக் கடக்கிறீர்கள். லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்கள் ஃபாரிங்டன் நிலையத்தில் நிற்கும்போதே மூன்றாம் தண்டவாளத்தின் (பாதையை ஒட்டி மின்சாரம் தரும் தண்டவாளம்) 750 வோல்ட் டி.சி.யிலிருந்து மேல்கம்பியின் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறும். பேண்டோகிராஃப் எழும்புவதையோ மடங்குவதையோ அங்கே கிட்டத்தில் பார்க்கலாம்.

எதிர் ரயில்களைப் பார்க்க எந்தப் பக்கம் உட்காருவது? ரயில் இடப்பக்கத் தடத்தில் ஓடினால் வலது ஜன்னல். சாலையை வைத்து ஊகிக்காதீர்கள். மாட்ரிட்டில் கார்கள் வலப்பக்கம் போகின்றன, மெட்ரோ இடப்பக்கம்.

படி 8: கருவி இல்லாமல் வேகம் அளப்பது

பழைய தடங்களில் தண்டவாள மூட்டு 'தடக்-தடக்' என்று கேட்கும். இரண்டு அச்சு அடுத்தடுத்துக் கடப்பதால்தான் இரட்டைச் சத்தம். ஒரு ஜோடியை ஒன்றாக எண்ணுங்கள். தண்டவாளத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து 3.6-ஆல் பெருக்கினால் எத்தனை நொடி எண்ண வேண்டும் என்று வரும். 13 மீட்டர் என்றால் 47 நொடி, 25 மீட்டர் என்றால் 90 நொடி. அத்தனை நொடியில் எண்ணிய மூட்டுகளே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் சத்தம் வராது. அங்கே கிலோமீட்டர் கல்லைப் பிடியுங்கள்: 3600-ஐ நொடிகளால் வகுத்தால் வேகம். 45 நொடி என்றால் 80, 36 நொடி என்றால் 100.

படி 9: படம்

ஃபிளாஷை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். இருட்டில் ஓட்டுநரின் கண்ணைக் கூச வைக்கும். வருகிற ரயிலை எடுக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் உருவம் உறையும், ஆனால் முகப்பின் எல்.இ.டி. பலகை பாதி எழுத்தாக உடைந்து விழும். அந்த விளக்குகள் வரிசை வரிசையாக மாறிமாறி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பலகை முழுதாக வேண்டுமானால் ரயில் நின்றபிறகு 1/100 நொடி அல்லது அதைவிட மெதுவாக வைத்து எடுங்கள். செல்போனில் முகப்பு விளக்கைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டினால் வெள்ளைத் திட்டு குறையும்.

சில நகரங்களில் மெட்ரோவுக்குள் படமெடுக்கவே தடை உண்டு. நுழைவாயிலில் எழுதியிருக்கும், படித்துவிடுங்கள். ஊழியர் வந்து கேட்டால் நோட்டைக் காட்டி ரயில் எண் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். எடுக்க வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம். அங்கே வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு.

படி 10: வீட்டுக்கு வந்ததும்

அன்றிரவே எண்களை வரிசைப்படுத்தி எழுதுங்கள். கணக்கில் 20, நோட்டில் 18 என்றால் இரண்டு நேரங்களில் ஓட்டை இருக்கும். ஆறு நிமிட இடைவெளி எங்கே பன்னிரண்டாகிறது என்று தேடினால் அகப்படும். ஒரு ரேக் போகும்போது எழுதப்பட்டு, வரும்போது காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் நடுவில் டிப்போவுக்குள் போயிருக்கும். அதன் இடத்தில் வேறு ரேக் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கேள்விக்குறி போட்ட எண்களை ஊகித்து நிரப்ப வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை அதே தடத்துக்குப் போகும்போது முதலில் தேட வேண்டியவை அவைதான்.