ஒரு கேள்வி, இரண்டு பல்பு: இணையத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி?

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், "டீச்சர், நெட்ல இவ்வளவு கிடக்கு. எதை எடுக்கறது, எப்படிக் காட்டறது?" என்று கேட்டார். ஆறாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்த வேண்டிய வாரம் அது. அவருக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் நடுநிலைப் பள்ளியில் 28 ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். இந்த முறைக்கு வந்து சேர எனக்குப் பல வருடம் ஆனது.

பள்ளிக்குப் புரொஜெக்டர் வந்த புதிதில், மின்சாரத்தைப் பற்றிய 14 நிமிட வீடியோ ஒன்றை அப்படியே ஓடவிட்டேன். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு வயர் கொடுத்து எரிய வைக்கச் சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் வயரின் ஒரு முனையை பேட்டரியிலும் மறு முனையை பல்பின் அடியிலும் வைத்துவிட்டு, ஏன் எரியவில்லை என்று என்னைப் பார்த்தார்கள். பல்பின் அடியை பேட்டரியின் மேல் முனையில் நிறுத்தி, பேட்டரியின் கீழிருந்து வரும் வயரை பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தொட வேண்டும். பல்புக்கும் இரண்டு முனை உண்டு என்பது 14 நிமிடமும் திரையில் ஓடியது. யார் மனதிலும் ஏறவில்லை.

படி 1: பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்தை எழுதுங்கள்

செல்போனை எடுப்பதற்கு முன் பாடப்புத்தகத்தை எடுங்கள். இந்தப் பாடத்தில் வருடா வருடம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? புதியவர் என்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள், கட்டாயம் தெரிந்திருக்கும். அந்த இடத்தை ஒரே ஒரு கேள்வியாகத் தாளில் எழுதுங்கள்.

மின்சுற்றில் என் கேள்வி இது: தொடர் இணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரி இரண்டு பல்பு இருக்கின்றன. எது அதிகமாக எரியும்? "பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கறது" என்றுதான் முக்கால்வாசிப் பிள்ளைகள் சொல்வார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மீதிதான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் அந்தக் கணக்கு அசையாது. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இணையம் வேண்டும். சொன்னதும் புரிகிற விஷயத்துக்குத் திரை தேவையில்லை, நேரம்தான் வீண்.

படி 2: சரியான சொல்லைப் போட்டுத் தேடுங்கள்

முதலில் புத்தகத்திலேயே உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் இருக்கும். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய தீக்‌ஷா செயலியில் அது திறக்கும். உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே இருந்தால் வேறு எங்கும் போக வேண்டாம்.

இல்லையென்றால் தேடுங்கள். 'மின்சாரம்' என்று மட்டும் போட்டால் மின்கட்டணச் செய்தி வரை எல்லாம் வரும். 'தொடர் இணைப்பு பக்க இணைப்பு மின்விளக்கு' என்று பாடநூல் சொற்களையே போடுங்கள். இலங்கைத் தமிழ் ஆசிரியர்கள் போட்ட நல்ல பாடங்களும் நிறைய உண்டு. ஆனால் அங்கே நம் பக்க இணைப்பை (ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை) 'சமாந்தரம்' என்பார்கள், இயற்பியலைப் 'பௌதிகவியல்' என்பார்கள். இந்தச் சொற்களையும் போட்டுப் பாருங்கள், இன்னொரு வாசல் திறக்கும். வகுப்பில் காட்டும்போது மட்டும் எந்தச் சொல்லுக்கு எது என்று பலகையில் எழுதிவிடுங்கள்.

நான் திரும்பத் திரும்பப் போகிற இடங்கள் மூன்று. ஒன்று, அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் (PhET) தளம். இயற்பியலுக்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. அங்கே இருப்பவை வீடியோக்கள் அல்ல, நாமே இழுத்து, இணைத்து, மாற்றிப் பார்க்கிற உருவகப் பயிற்சிகள். பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இரண்டாவது, குப்பையில் போகும் பொருளைக் கொண்டே அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளம். மூன்றாவது, கணக்குக்கு, வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து பார்க்கிற ஜியோஜீப்ரா.

படி 3: முதல் நாள் இரவே முழுதாகப் பாருங்கள்

பாதி பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று விடாதீர்கள். கடைசி நொடி வரை பாருங்கள். எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே விளம்பரம் வருகிறது, எது தப்பு என்று தாளில் குறியுங்கள்.

தப்பு நிறையவே இருக்கும். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று பகுதி பிரித்த படம் இன்னும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிடக்கிறது. அது பழைய தவறு. சுவை உணரும் மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளிலும் எல்லாச் சுவையும் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு கல் உப்பை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இப்படி நம் கையாலேயே சோதிக்க முடிந்ததைச் சோதித்துவிடுங்கள். முடியாததற்கு, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களிலாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விக்கிப்பீடியா என்றால் கட்டுரையின் அடியில் சான்று கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

படி 4: இறக்கி வையுங்கள்

வகுப்பு நேரத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஃபெட் பயிற்சிகளை ஒரே கோப்பாக இறக்கலாம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் எந்தக் கணினியின் பிரவுசரிலும் இணையம் இல்லாமல் திறக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி வைத்துப் படிக்க கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

படி 5: பொத்தானை அழுத்துவதற்கு முன் கேளுங்கள்

முழு முறையிலும் எனக்கு முக்கியமான படி இதுதான்.

ஃபெட்டில் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி' என்பதைத் திறங்கள். ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, ஒரு சுவிட்ச், வயர்கள். தொடராக இணையுங்கள். சுவிட்சை மூடாதீர்கள். இப்போது படி 1-இல் எழுதிய கேள்வியைக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் விடையை எழுத வேண்டும், 'ஏன்' என்று ஒரு வரியும் எழுத வேண்டும். கை தூக்கச் சொன்னால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் தூக்குவார்கள். எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளைக்குத்தான் தன் விடை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் தவிப்பு இருக்கும்.

அப்புறம் சுவிட்சை மூடுங்கள். இரண்டு பல்பும் ஒரே அளவு எரியும். வகுப்பில் ஒரு சத்தம் கிளம்பும். உடனே விளக்கம் சொல்ல வேண்டாம். திரையில் நீல உருண்டைகளாக எலக்ட்ரான்கள் ஓடும். முதல் பல்புக்கு முன்னால் உள்ள வயரையும் பின்னால் உள்ள வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே வேகம். எதுவும் குறையவில்லை. சுற்றிச் சுற்றி வருகின்றன. எலக்ட்ரான் செலவாவதில்லை, அது கொண்டு தரும் ஆற்றல்தான் வெளிச்சமாகவும் சூடாகவும் போகிறது என்று அப்போது சொன்னால் நிற்கும்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், சுவிட்ச் போடறதுக்கு முன்னாடியே உருண்டையெல்லாம் வயர்ல இருந்துச்சே?" அந்தக் கேள்விக்காக அன்றைக்கு மீதிப் பாடத்தை விட்டுவிட்டேன். ஆமாம், முன்பே இருக்கின்றன. உண்மையான செம்புக் கம்பியில் எலக்ட்ரான் நகர்வது சாதாரணமாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். இருந்தும் சுவிட்ச் போட்ட கணத்தில் விளக்கு எரிகிறது. தண்ணீர் நிரம்பிய ஹோஸ் குழாயில் இந்தப் பக்கம் திறந்ததும் அந்தப் பக்கம் கொட்டுகிறதே, அதுபோல. திரையில் வேகமாக ஓடுவது நாம் பார்ப்பதற்காக வரைந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

படி 6: திரையை அணைத்துவிட்டுக் கையில் கொடுங்கள்

மூன்று 1.5 வோல்ட் செல், இரண்டு 2.5 வோல்ட் டார்ச் பல்பு, ஹோல்டர், வயர். எல்இடி வேண்டாம், அதைத் திருப்பிப் போட்டால் எரியாது, இந்தக் கேள்விக்கு அது குழப்பம். பழைய குமிழ் பல்பு எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது.

பிள்ளைகள் இணைத்ததும், அநேகமாக ஒரு பல்பு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரியும். "டீச்சர், கம்ப்யூட்டர் பொய் சொல்லுது!" என்பார்கள். பயப்படாதீர்கள், இதற்காகத்தான் கையில் கொடுத்தோம். இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கலாக இருந்தது பேட்டரிக்குப் பக்கத்தில் வந்த பிறகும் மங்கலாகவே எரியும். அப்படியென்றால் காரணம் இடம் இல்லை, பல்பு. திரையில் இரண்டுக்கும் ஒரே மின்தடை, அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு ஒன்றுதான். கடைப் பல்பில் இழைக்கு இழை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், தொடர் இணைப்பில் மின்தடை கூடியதுதான் பளிச்சென்று எரியும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்கிற நிமிடத்துக்காக நான் ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறேன்.

படி 7: அன்றைக்கே நான்கு வரி எழுதுங்கள்

தேதி, எந்தப் பக்கத்தைக் காட்டினீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், பிள்ளைகள் கேட்ட கேள்வி. பாடத்திட்ட நோட்டின் ஓரத்திலேயே எழுதலாம். அந்தப் பக்கம் அடுத்த வருடம் இணையத்திலிருந்து காணாமல் போகலாம். நோட்டில் எழுதிய கேள்வி இருந்தால் வேறொரு பக்கத்தைத் தேடிக்கொள்ளலாம். கடைசி பெஞ்சுப் பெண் கேட்ட கேள்வியை நான் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாரும் கேட்காவிட்டால், சுவிட்சை மூடுவதற்கு முன் நானே அதைக் கேட்கிறேன்.