பழைய புல்வெட்டியில் இறுகிப்போன பாகங்களைக் கழற்றுவது எப்படி?

ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டித் தொங்குவதற்கு முன்னால், பாகம் எதனால் இறுகியிருக்கிறது என்று பாருங்கள். துருப்பிடித்த மரைக்கு ஒரு வைத்தியம். எஞ்சினின் கூம்பு ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்ட பிளைவீலுக்கு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்துக்கு) வேறு வைத்தியம்.

எதற்கும் முன்னால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பிளக்கில் படாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். பிளேடைக் கையால் திருப்பினாலே சில எஞ்சின்கள் ஸ்டார்ட் ஆகிவிடும், விரல் போய்விடும். பெட்ரோலை முழுக்க வடியுங்கள். சாய்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டரை நனைத்துவிடும்.

மரையில் துரு என்றால் முதலில் வயர் பிரஷால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் நேராகப் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். ஓர் இரவு ஊறட்டும். பெரும்பாலும் அவசரத்தில்தான் போல்ட் உடைகிறது.

மறுநாள் ஆறு பட்டை சாக்கெட்டைப் போடுங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் முனைகளை மட்டும் பிடிப்பதால் தேய்ந்த தலையை உருட்டிவிடும். முதலில் துளி இறுக்கிப் பாருங்கள். 'டிக்' என்று அசைந்தால் பிடி விட்டது. பிறகு கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டபடியே வெளியே கொண்டுவாருங்கள். பிளேடு போல்ட்டுக்கு, பிளேடு சுழலாதபடி அதற்கும் அதைச் சுற்றியுள்ள மூடிக்கும் நடுவே மரக்கட்டை கொடுங்கள். கீழிருந்து பார்த்தால் பெரும்பாலான போல்ட்டுகள் இடஞ்சுழியாகக் கழலும். சில மாடல்களில் மரை தலைகீழ், ஆகவே கையேட்டைப் பார்த்துவிட்டே பலம் கொடுங்கள்.

அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் இறுகியிருந்தால் சூடு நன்றாக வேலை செய்யும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் சிவக்காமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால் தீயை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். டேங்க்கைக் கழற்றி வெகுதூரத்தில் வையுங்கள், விட்ட எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீ வைக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

பிளைவீலுக்கு இதெல்லாம் உதவாது. நட்டைத் தளர்த்தி, அதன் மேல்முகம் ஷாஃப்ட் முனைக்குச் சமமாக வரும்வரை விட்டுவையுங்கள். மரையைக் காப்பது அதுதான். பிளைவீலில் இருக்கும் மரைத் துளைகளில் புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவியை) மாட்டி, சமமாக இறுக்கி, புல்லரின் நடு போல்ட்டில் ஒரு தட்டு. 'டப்' என்று கழன்றுவிடும். விசிறி இறக்கைகளில் நெம்பினால் அவை உடையும். ஷாஃப்ட் முனையில் ஓங்கி அடித்தால் பேரிங் கெடும், ஷாஃப்ட்டே வளையவும் கூடும். அடியில் பிளேடு அடாப்டர் (பிளேடை ஷாஃப்ட்டோடு இணைக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் புல்லர்தான்.

போல்ட் உடைந்து கட்டை நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வதே சிறந்த வழி. வெல்டிங் சூடே பாதி வேலையை முடிக்கும். வெல்டிங் வசதி இல்லையென்றால் நடுவில் பஞ்ச் அடித்து, இடது சுற்று டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல சமயம் துளையிடும்போதே கட்டை சுழன்று வந்துவிடும். மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை (துளைக்குள் செருகி உடைந்த போல்ட்டைச் சுழற்றி எடுக்கும் கருவியை) நம்பாதீர்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட்டால் அதைத் துளைக்க முடியாது.

திரும்பப் பூட்டும்போது சக்கர போல்ட்டு மரைகளில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசுங்கள். பிளேடு போல்ட்டைக் கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே இறுக்குங்கள். பிளைவீல் கூம்பில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ கூடாது, துடைத்து உலர்ந்தபடியே பூட்டவேண்டும். அங்குள்ள சாவி (பிளைவீலை ஷாஃப்ட்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு) லேசாக வெட்டுப்பட்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள், இல்லையேல் தீப்பொறி நேரம் தவறி எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.